12 மில்லிஆம்பியர் கொடுத்தும் பாதி டோஸ் வரவில்லையே, ஏன்? டோசிங் பம்பின் நியூமேட்டிக் ஸ்ட்ரோக் கண்ட்ரோல் குறித்து

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். கழிவுநீர்ப் பகுதியில் அமிலத் தண்ணீரை நடுநிலையாக்க 48 சதவீதக் காஸ்டிக் லை (சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல்) போடும் டயஃப்ரம் டோசிங் பம்ப், அதாவது ஒரு சவ்வை முன்னும் பின்னும் அசைத்துத் திரவத்தை அளந்து தள்ளும் பம்ப். மணிக்கு 200 லிட்டர், நிமிடத்துக்கு 96 ஸ்ட்ரோக் (ஒரு முறை முன்னும் பின்னும் போய் வருவது ஒரு ஸ்ட்ரோக்). பி.எச். கண்ட்ரோலரிலிருந்து 4–20 மில்லிஆம்பியர் வருகிறது. ஐ டு பி கன்வெர்ட்டர் அதை 3–15 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள காற்றாக மாற்றித் தருகிறது. அந்தக் காற்று பம்பின் ஸ்ட்ரோக் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிறது. 12 மில்லிஆம்பியர் கொடுத்தால் 100 லிட்டர் வர வேண்டிய இடத்தில் 85-ஐத் தாண்டவில்லை. சாதாரண ஓட்டத்தில் கண்ட்ரோலர் அவுட்புட் 10-க்கும் 25 சதவீதத்துக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஸ்ட்ரோக் முள்ளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. "நியூமேட்டிக் பழைய முறை, கழற்றிவிட்டு வி.எஃப்.டி. போட்டுவிடலாமா?" என்று கேட்கிறீர்கள்; வி.எஃப்.டி. என்பது மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்கருவி.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பாதி சிக்னலுக்குப் பாதி அளவு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியா? முள் ஆடுவது காற்றுப் பக்கத்துக் கோளாறா, கண்ட்ரோல் லூப்பின் (பி.எச். அளந்து, பம்பைக் கூட்டிக் குறைத்து, மறுபடி அளக்கும் சுற்று) கோளாறா? வி.எஃப்.டி. போட்டால் இந்த இரண்டும் தீருமா? முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதை நீங்கள் அரை மணி நேரத்தில் அங்கேயே சோதித்துத் தெரிந்துகொள்ளலாம், இங்கிருந்து நான் சொன்னால் ஊகமாகத்தான் இருக்கும். மூன்றாவது, முதல் இரண்டும் தெளிந்த பிறகு முடிவு செய்ய வேண்டியது. இன்ஸ்ட்ருமென்ட் பராமரிப்பில் பல வருடங்கள் டோசிங் பம்புகளோடு இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பம்பின் நேம் பிளேட்டையும் உள்ளமைப்பையும் நான் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பெயரில் ஒரு குழப்பம் வருவதுண்டு, அதை முதலில் தீர்த்துவிடுவோம். காற்றால் ஓடும் பம்ப் வேறு, காற்றால் அளவு மாற்றப்படும் பம்ப் வேறு. உங்களுடையது இரண்டாவது வகை. பம்பை ஓட்டுவது மின்மோட்டார். கியர்பாக்ஸில் இருக்கும் ஸ்ட்ரோக் அட்ஜஸ்ட்மென்டை, கையால் டயலைத் திருப்புவதற்குப் பதிலாக, ஒரு நியூமேட்டிக் ஆக்சுவேட்டர் நகர்த்துகிறது. ஆக்சுவேட்டருக்கு இரண்டு காற்று வரும். ஒன்று வேலை செய்யும் காற்று, பெரும்பாலும் 4 முதல் 7 பார் வரை. இன்னொன்று 3–15 பி.எஸ்.ஐ. சிக்னல் காற்று, அது உத்தரவு மட்டும்தான். நடுவில் இருக்கும் பொசிஷனர் சிக்னல் காற்றின் விசையையும் ஸ்ட்ரோக் எங்கே இருக்கிறது என்று திரும்பிச் சொல்லும் ஸ்பிரிங்கின் விசையையும் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் சமமாகும் வரை வேலைக் காற்றை உள்ளே விடும் அல்லது வெளியே விடும். சிக்னல் பூஜ்யத்தில் தொடங்காமல் 3-ல் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. குழாய் கழன்றோ கன்வெர்ட்டர் செத்தோ போனால் அழுத்தம் பூஜ்யத்துக்கு விழும். 3 என்றால் "ஸ்ட்ரோக் வேண்டாம்" என்ற உத்தரவு, 0 என்றால் "உத்தரவே வரவில்லை" என்று பிரித்தறிய அந்த இடைவெளி தேவை. 4 மில்லிஆம்பியரில் தொடங்குவதும் இதே யோசனைதான்.

இப்போது முதல் கேள்வி. பொசிஷனர் சரியாக வேலை செய்தால் உங்களுக்குக் கிடைப்பது ஸ்ட்ரோக்கின் இடம். 9 பி.எஸ்.ஐ. கொடுத்தால் 50 சதவீத ஸ்ட்ரோக்கில் நிற்கும், அதற்கு மேல் அதற்குப் பொறுப்பில்லை. அந்த 50 சதவீத ஸ்ட்ரோக்கில் எத்தனை லிட்டர் போகும் என்பது பம்பின் லிக்விட் எண்ட் (திரவம் போகும் முன்பகுதி) முடிவு செய்யும் விஷயம். கணக்குப்படி பிளஞ்சரின் (டயஃப்ரத்தைத் தள்ளும் தண்டு) பரப்பு, ஸ்ட்ரோக் நீளம், நிமிடத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்று மூன்றையும் பெருக்கினால் அளவு வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் கொஞ்சம் வீணாகிறது. செக் வால்வின் (திரவத்தை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) பந்து சீட்டில் உட்காருவதற்குள் சிறிது திரவம் திரும்பி வந்துவிடும். டயஃப்ரம் அழுத்தத்தில் சற்று வளைந்து கொடுக்கும். திரவத்தில் காற்றுக் குமிழ் இருந்தால் அது அமுங்குவதற்கே ஸ்ட்ரோக்கின் ஒரு பகுதி செலவாகும். தண்ணீர் போன்ற திரவம் 100 பாருக்கு அரை சதவீதம் அளவுதான் அமுங்கும், அதனால் உங்கள் அழுத்தத்தில் திரவம் அமுங்குவதை மறந்துவிடலாம். குமிழை மறக்க முடியாது.

இந்த வீணாகும் அளவு ஸ்ட்ரோக் நீளமாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். நீள ஸ்ட்ரோக்கில் அது தெரியாது, குட்டை ஸ்ட்ரோக்கில் பெரிதாகத் தெரியும். அதனால் ஸ்ட்ரோக்குக்கும் லிட்டருக்கும் கிராஃப் போட்டால் கோடு நேராகவே வரும், ஆனால் பூஜ்யத்திலிருந்து கிளம்பாது. உதாரணத்துக்கு, 100 சதவீதத்தில் 200 லிட்டர் தரும் பம்ப் 50-ல் 95, 20-ல் 32, 10-ல் 11 லிட்டர் தந்தால் நான் அதை ஆரோக்கியமான பம்ப் என்றே சொல்வேன். கோடு ஐந்து சதவீதம் அளவுக்கு வலப்பக்கம் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் 48 சதவீத லை எண்ணெய் மாதிரி கெட்டியானது. அதில் பந்து மெதுவாகத்தான் உட்காரும். தண்ணீரில் டெஸ்ட் செய்த சான்றிதழில் இருக்கும் கோடு உங்கள் தொட்டியில் அப்படியே வராது.

சரி, அதில் 95 வர வேண்டுமே, 85 ஏன்? இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். நம் ஆலைகளில் காற்றழுத்தத்தைக் "கிலோ"வில் பேசும் பழக்கம் உண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ. சிக்னல் அளவும் சில கருவிகளில் 3–15 பி.எஸ்.ஐ. என்றும், சிலவற்றில் 0.2–1.0 பார் என்றும், சிலவற்றில் 0.2–1.0 கிலோ என்றும் எழுதியிருக்கும். மூன்றும் ஒன்றுதான் என்று எல்லாரும் நினைக்கிறோம். கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் முழுக்க ஒன்றில்லை. 1.0 கிலோ என்பது 14.2 பி.எஸ்.ஐ.; 1.0 பார் என்பது 14.5. கன்வெர்ட்டரைக் கிலோ கேஜ் வைத்து 0.2–1.0 என்று கேலிபரேட் செய்து, பம்பின் பொசிஷனர் 3–15 பி.எஸ்.ஐ.க்குச் செட் ஆகியிருந்தால், 12 மில்லிஆம்பியருக்கு வரும் 0.6 கிலோ என்பது 8.5 பி.எஸ்.ஐ. மட்டுமே. பொசிஷனர் அதை 46 சதவீதம் என்று படிக்கும். 20 மில்லிஆம்பியர் கொடுத்தாலும் ஸ்ட்ரோக் 93–94 சதவீதத்தில் நின்றுவிடும். மேலே சொன்ன அதே கோட்டில் 46 சதவீதத்துக்கு 87 லிட்டர்தான். உங்கள் 85-க்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள். எந்தப் பாகமும் கெடாமலேயே இது நடக்கலாம். உங்களிடம் இதுதான் நடந்திருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. பம்பைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது இதுதான் என்கிறேன்.

பார்ப்பது எப்படி? கண்ட்ரோலரை மேனுவலில் போட்டு 4, 8, 12, 16, 20 மில்லிஆம்பியர் என்று வரிசையாகக் கொடுங்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால், முடிந்தால் பம்பின் பக்கத்திலேயே, ஒரு நல்ல டெஸ்ட் கேஜ் மாட்டி 3, 6, 9, 12, 15 பி.எஸ்.ஐ. வருகிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் பம்பின் ஸ்ட்ரோக் முள் 0, 25, 50, 75, 100-ல் நிற்கிறதா என்றும் எழுதுங்கள். அப்புறம் மேலிருந்து கீழே இறங்கி வாருங்கள். இறங்கும்போது எடுக்கும் அளவுகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் லிங்க்கேஜில் (ஸ்ட்ரோக்கையும் பொசிஷனரையும் இணைக்கும் நெம்புகோல், பின் ஆகியவற்றில்) இருக்கும் ஆட்டம் அதில்தான் தெரியும். ஏறும்போது 9 பி.எஸ்.ஐ.க்கு 48-லும் இறங்கும்போது அதே 9-க்கு 53-லும் நின்றால் ஃபீட்பேக் பின்னோ நெம்புகோலோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். விரலால் நெம்புகோலை மெல்ல அசைத்துப் பாருங்கள். பின் போகும் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால், முள் அசையாமலேயே நெம்புகோல் மட்டும் அசையும்.

கடைசியாக லிட்டர் கணக்கு. சக்ஷன் பக்கத்தில் கேலிபரேஷன் குழாய் (அளவுக்கோடு போட்டது) இருந்தால் அதை நிரப்பி, தொட்டி வால்வை மூடி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்டாப் வாட்ச் வைத்துப் பாருங்கள். மணிக்கு 100 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 1.67 லிட்டர், 85 என்றால் 1.42. இதை வேலை செய்யும் அழுத்தத்திலேயே செய்ய வேண்டும், டிஸ்சார்ஜைத் திறந்துவிட்டு வாளியில் பிடித்த அளவை நம்பாதீர்கள். டிஸ்சார்ஜில் பேக் பிரஷர் வால்வு (குறிப்பிட்ட அழுத்தம் வந்தால்தான் திறப்பது) இல்லையென்றால், தொட்டி மட்டத்தைப் பொறுத்து லை தானாகவே வழிந்துபோகக்கூடும். அப்போது அளவு கூடுதலாகக் காட்டும். 48 சதவீத லை கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். லைன் பிரஷரை இறக்காமல் எந்த ஜாயின்டையும் தொடாதீர்கள், முகக்கவசம் இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள், கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று முதலில் திறந்து பாருங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் முடிந்தபின் கோடு நேராக வந்தால், பம்ப் தயாரிப்பாளர் மீது குறை சொல்ல இடமில்லை. டோசிங் பம்புகளுக்கான ஏ.பி.ஐ. 675 தரநிலை கேட்பது இதைத்தான்: 10-க்கு 1 என்ற வீச்சுக்குள் (முழு அளவிலிருந்து அதில் பத்தில் ஒன்று வரை), அளவு நேர்கோட்டிலிருந்து விலகுவது ரேட்டட் கொள்ளளவில் கூட்டியோ குறைத்தோ 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ரேட்டட் கொள்ளளவில் 3 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் பம்புக்கு அது 6 லிட்டர். 200 லிட்டர் ஓடும்போது 6 லிட்டர் ஒரு பொருட்டில்லை. 20 லிட்டர் ஓடும்போது அதே 6 லிட்டர் 30 சதவீதப் பிழை, அப்போதும் பம்ப் தரநிலைக்குள்தான் இருக்கும். நீங்களோ பெரும்பாலும் 10-க்கும் 25 சதவீதத்துக்கும் இடையில்தான் ஓட்டுகிறீர்கள். உங்கள் சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது என்பதே என் கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி, முள் ஆடுவது. கண்ட்ரோலர் மேனுவலில் இருக்கும்போதே, 12 மில்லிஆம்பியரில் பத்து நிமிடம் விட்டுவிட்டு முள்ளைக் கவனியுங்கள். முள் அசையாமல் நின்றால் காற்றுப் பக்கம் நிரபராதி, ஆட்டுவது பி.எச். லூப்தான். மேனுவலிலும் ஆடினால், எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ஒரு சின்ன நடுக்கம் என்றால் பயப்பட வேண்டாம். டிஸ்சார்ஜ் ஸ்ட்ரோக்கில் பிளஞ்சருக்கு வரும் எதிர்விசை அட்ஜஸ்ட்மென்ட் வழியாக ஆக்சுவேட்டரைத் தள்ளுகிறது. காற்று அமுங்கக்கூடியது என்பதால் அந்தத் தள்ளலைச் சற்று வாங்கிக்கொள்ளும். இந்த நடுக்கம் அளவு மீறினால் முதலில் வேலைக் காற்றின் அழுத்தத்தைப் பாருங்கள். ரெகுலேட்டர் கேஜ் பம்ப் நிற்கும்போது 5 பார் காட்டி, ஓடும்போது 3-க்கு விழுந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது சப்ளை குழாய் சிறிதாக இருக்கிறது. சில நொடிக்கொரு முறை மெதுவாக முன்னும் பின்னும் போய் வந்தால் அது வேறு நோய்: பொசிஷனரின் பைலட் வால்வில் அழுக்கு, சிக்னல் குழாயில் கசிவு, அல்லது பொசிஷனரின் கெயின் (பிழையை எவ்வளவு வலுவாகத் திருத்துகிறது என்பது) தேவைக்கு மேல் வைக்கப்பட்டிருக்கிறது. கசிவுக்குச் சோப்புத் தண்ணீரே போதும்.

காற்றின் தரத்தைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த நியூமேட்டிக் கோளாறுகளில் பெரும்பாலானவை காற்றிலிருந்து வந்தவைதான். ஐ.எஸ்.ஏ. 7.0.01 தரநிலைப்படி இன்ஸ்ட்ருமென்ட் ஏரில் துகள் 40 மைக்ரானுக்கு மேல் இருக்கக்கூடாது, எண்ணெய் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அழுத்தத்தில் அளந்த டியூ பாயின்ட் (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) அந்த லைன் சந்திக்கும் மிகக் குறைந்த வெப்பநிலையைவிட 10 டிகிரி செல்சியஸாவது கீழே இருக்க வேண்டும். கழிவுநீர்ப் பகுதி ஆலையின் கடைக்கோடியில் இருக்கும். பிளான்ட் ஏரிலிருந்து யாரோ ஒரு டேப்பிங் எடுத்து இன்ஸ்ட்ருமென்ட் ஏர் என்று பெயர் வைத்திருப்பார்கள். ரெகுலேட்டரின் அடியில் இருக்கும் ட்ரெயினைத் திறந்து உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். பால் நிறத்தில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வந்தால், கன்வெர்ட்டருக்குள் இருக்கும் நாசிலின் நிலையை ஊகிக்கலாம். அந்த நாசில் தலைமுடி கனத்துத் துளை. ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கு போதும், அவுட்புட் இஷ்டத்துக்கு நகர ஆரம்பித்துவிடும். இன்னொன்று, ஐ டு பி கன்வெர்ட்டரைப் பம்பின் கியர்பாக்ஸ் மேலேயே மாட்டியிருந்தால் இறக்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் ஃப்ளாப்பர் (நாசிலை மூடித் திறக்கும் மெல்லிய தகடு) அதிர்வைத் தாங்காது. தனி ஸ்டாண்டில், ஆனால் பம்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கன்வெர்ட்டர் கண்ட்ரோல் ரூமில் இருந்து அங்கிருந்து கால் இன்ச் குழாய் நூறு மீட்டர் ஓடினால், அழுத்தம் பம்புக்கு வந்து சேரவே சில நொடிகள் ஆகும், அந்தத் தாமதம் லூப்பையும் ஆட்டும்.

மேனுவலில் நின்று ஆட்டோவில் மட்டும் ஆடினால் குற்றவாளி பி.எச். லூப். அதில் இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்யும். ஒன்று, ஸ்ட்ரோக்கில் ஒட்டுதல் இருப்பது. கண்ட்ரோலரின் இன்டக்ரல் (பிழை நீடிக்கும் வரை திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் பகுதி) கொஞ்சம் கொஞ்சமாக அவுட்புட்டை ஏற்றும்; ஒட்டியிருந்த ஆக்சுவேட்டர் திடீரென்று விட்டுக்கொடுத்து வேண்டியதைவிட அதிகம் நகரும்; பி.எச். தாண்டிப் போகும், மறுபடி இறங்கும். இது முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று பி.எச்.சின் இயல்பு. அதை ஒரு கணக்கோடு பார்ப்போம். மணிக்கு 10 கனமீட்டர் தண்ணீர், வெறும் வலுவான அமிலம் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எச். 1-ல் வந்தால் நடுநிலையாக்க மணிக்குச் சுமார் 55 லிட்டர் 48 சதவீத லை வேண்டும். பி.எச். 2-ல் வந்தால் 5.5 லிட்டர் போதும். பி.எச். 3-ல் வந்தால் அரை லிட்டருக்குச் சற்று மேல்தான். பி.எச். ஒரு எண் நகர்ந்தால் தேவை பத்து மடங்கு நகர்கிறது. டோசிங் பம்பின் வீச்சோ 10-க்கு 1, அதாவது பம்பின் முழு வீச்சும் பி.எச்.சில் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் சமம். உண்மையான கழிவுநீரில் வலுக் குறைந்த அமிலங்களும் கார்பனேட்டும் கலந்திருக்கும், அதனால் லை சேரச் சேர பி.எச். மாறும் வளைவு இவ்வளவு செங்குத்தாக இருக்காது. உங்கள் தண்ணீரின் வளைவு எப்படி என்று தெரிந்துகொள்ள, ஆய்வகத்தில் ஒரு லிட்டர் சாம்பிளை டைட்ரேட் செய்து (லையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து பி.எச்.சைக் குறித்து) பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது கேள்வி, வி.எஃப்.டி. முதலில் அதன் நன்மைகள். ஸ்ட்ரோக் நீளத்தை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றினால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் போகும் அளவு ஏறக்குறைய மாறாது, அதனால் கோடு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போகும். பொசிஷனர், லிங்க்கேஜ், காற்று என்ற தலைவலிகள் போய்விடும். மோட்டார் இருக்கவே இருக்கிறது. இனி அது தீர்க்காதது. வேகத்திலும் நடைமுறை வீச்சு கிட்டத்தட்ட 10-க்கு 1 தான். டோசிங் பம்புக்கு மெதுவாக ஓடினாலும் டார்க் குறையாது, ஆனால் மோட்டாரின் சொந்த விசிறி மெதுவாகச் சுற்றும், அதனால் சூடாகும். தனி விசிறி இல்லாமல் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்ட நான் துணிய மாட்டேன். கியர்பாக்ஸில் எண்ணெய் தெறித்துத்தான் உயவு என்றால் அதற்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு, அதைத் தயாரிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. 96 ஸ்ட்ரோக்கில் ஓடும் பம்ப் 0.6 நொடிக்கு ஒரு முறை லையைத் தள்ளுகிறது. வேகத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் 6 நொடிக்கு ஒரு முறைதான். லை போய் விழுவது மிக்சர் ஓடும் பெரிய தொட்டி என்றால் கவலையில்லை. குழாயில் நேரடியாகச் சேர்த்து ஸ்டாட்டிக் மிக்சர் (உள்ளே அசையாத தகடுகளால் கலக்கும் குழாய்த் துண்டு) வைத்திருந்தால், தண்ணீர் நொடிக்கு 1 மீட்டர் போகும் குழாயில் 6 மீட்டருக்கு ஒரு லைக் கட்டியும் நடுவில் வெறும் அமிலமும் போகும். ஸ்டாட்டிக் மிக்சர் குறுக்கே கலக்கும், முன்னும் பின்னும் கலக்காது. பி.எச். ப்ரோப் அதைப் பார்த்து மேலும் ஆடும். ஸ்ட்ரோக் நீளத்தைக் குறைத்தால் 96 முறை சின்னச் சின்னதாகப் போகும், கலப்பது சுலபம். ஸ்ட்ரோக் கண்ட்ரோலைப் பழையது என்று ஒதுக்க எனக்கு மனமில்லாததற்கு முக்கியக் காரணம் இதுதான். கரைப்பான் ஆவி, ஹைட்ரஜன் இருக்கும் இடங்களில் காற்றால் பொறி பறக்காது என்பது அடுத்த காரணம். அப்படிப்பட்ட இடத்தில் ஃப்ளேம்ப்ரூஃப் மோட்டாருக்கு வி.எஃப்.டி. போடுவதென்றால், அந்த மோட்டார் வி.எஃப்.டி.யோடு ஓடுவதற்கென்றே சான்று பெற்றிருக்க வேண்டும். அந்தப் பக்கம் என் துறையில்லை, உங்கள் எலக்ட்ரிக்கல் பாதுகாப்பு ஆட்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு; தண்ணீர் சுத்திகரிப்பில் பல காலமாக நடப்பதுதான். ஃப்ளோ மீட்டரின் சிக்னல் மோட்டார் வேகத்துக்குப் போகும், பி.எச். கண்ட்ரோலரின் சிக்னல் ஸ்ட்ரோக்குக்குப் போகும். தண்ணீர் இரண்டு மடங்கானால் பி.எச். மாறும்வரை காத்திருக்காமல் டோஸும் இரண்டு மடங்காகும். ஸ்ட்ரோக் மிச்சத்தைச் சரிசெய்யும். 10-ம் 10-ம் பெருகி 100-க்கு 1 என்ற வீச்சு காகிதத்தில் கிடைக்கும். இரண்டும் கீழ்மட்டத்தில் இருக்கும்போது துல்லியம் மோசமாக இருக்கும், அந்த மூலையை நம்பி வடிவமைக்காதீர்கள். உங்களுக்கு வரும் கழிவுநீரின் ஓட்டம் நிறைய மாறுகிறது என்றால், வி.எஃப்.டி.க்குச் செலவழிப்பதில் நியாயம் உண்டு, ஆனால் நியூமேட்டிக்கைக் கழற்றாமல்.

இப்போது மேலே விட்ட இடத்துக்கு வருகிறேன். உங்கள் அவுட்புட் 10-க்கும் 25-க்கும் இடையில் இருக்கிறது என்றால், நீங்கள் போடும் லைக்கு இந்தப் பம்ப் பெரியது. பம்பை மாற்றாமலேயே இதற்கு வழி இருக்கிறது: லையை நீர்த்துப் போடுங்கள். 48 சதவீத லையில் லிட்டருக்குச் சுமார் 725 கிராம் காஸ்டிக், 20 சதவீதத்தில் சுமார் 244 கிராம். அதாவது அதே வேலைக்கு மூன்று மடங்கு திரவம் போக வேண்டும். உங்கள் அவுட்புட் 30-க்கும் 75-க்கும் இடையில் வந்து உட்காரும். பம்பும் பொசிஷனரும் நன்றாக வேலை செய்யும் இடம் அதுதான். கெட்டித்தன்மை குறைவதால் செக் வால்வும் சீக்கிரம் மூடும். மூன்று எச்சரிக்கைகள் மட்டும். நீர்க்கும்போது நன்றாகச் சூடாகும், தண்ணீரில் லையை மெதுவாக விட வேண்டும், தொட்டியும் குழாயும் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். போர்வெல் தண்ணீரில் நீர்த்தால் சுண்ணாம்புப் படிவம் இறங்கி செக் வால்வு சீட்டில் உட்கார்ந்துகொள்ளும், சாஃப்ட் வாட்டரோ டி.எம். (தாது நீக்கிய) வாட்டரோ வேண்டும். அப்புறம், கடந்த சில மாத ட்ரெண்டை எடுத்து அவுட்புட் உச்சத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். எப்போதாவது ஒரு முறை 60 சதவீதம் தொட்டிருந்தால், நீர்த்த லையில் இந்தப் பம்ப் அந்த வேளைக்குப் போதாது. அப்போது 48 சதவீத லையோடு இந்தப் பம்பை முதல் தொட்டிக்கும், சிறிய பம்ப் ஒன்றை இரண்டாவது தொட்டிக்கும் வைத்து இரண்டு படியாக நடுநிலையாக்குவதுதான் சரி. உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதற்கு நம் நாட்டு விதி கேட்பது பி.எச். 5.5 முதல் 9.0 வரை. உங்கள் அனுமதிப் பத்திரத்திலும் அதே எல்லை இருந்தால், கண்ட்ரோலர் 7.0-ஐ விடாப்பிடியாகத் துரத்தத் தேவையில்லை. நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்டக்ரலைத் தளர்த்துங்கள்.

ஆகவே நான் செய்வதாக இருந்தால் வரிசை இப்படி இருக்கும்: முதலில் ஐந்து இடத்து அளவுகள், அதில் கிலோ–பி.எஸ்.ஐ. வித்தியாசம்; அப்புறம் மேனுவல் சோதனை, காற்று; அப்புறம் டைட்ரேஷன், லை நீர்ப்பது; இவ்வளவுக்கும் பிறகு ஓட்டம் மாறுவது தொல்லை தந்தால் வி.எஃப்.டி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொசிஷனரில் கை வைக்கப் போகிறீர்கள். காற்று நின்றால் உங்கள் ஸ்ட்ரோக் எந்தப் பக்கம் போகிறது? ஸ்பிரிங் ரிட்டர்ன் என்றால் பூஜ்யத்துக்கோ முழு ஸ்ட்ரோக்குக்கோ போகும். ஸ்பிரிங் இல்லாத இருபக்க சிலிண்டர் என்றால், லாக்-அப் வால்வு (காற்று நின்றால் சிலிண்டரைப் பூட்டிவைப்பது) இல்லாத பட்சத்தில், பம்பின் விசை தள்ளும் பக்கம் மெல்ல நகரும். காஸ்டிக்கைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் ஆபத்துதான்: பூஜ்யத்துக்குப் போனால் அமிலம் வெளியேறும், முழுதாகப் போனால் காரம் வெளியேறும். அதனால் இந்த முடிவைப் பம்பின் மேல் மட்டும் விடாமல், பி.எச். எல்லை மீறினால் வெளியேறும் வால்வு மூடித் தண்ணீர் மறுபடி ஈக்வலைசேஷன் தொட்டிக்கே (வரும் கழிவுநீரை முதலில் சேர்த்து வைக்கும் தொட்டி) திரும்பும்படி இன்டர்லாக் இருக்க வேண்டும். அடுத்த ஷட்டவுனில் லை லைனைத் தண்ணீரால் நன்றாக அலசி, தண்ணீரிலேயே பம்பை ஓடவிட்டு, முதலில் சிக்னல் குழாயை மட்டும் கழற்றிப் பாருங்கள், பிறகு சிக்னலை மாட்டிவிட்டு சப்ளை காற்றை மட்டும் மூடிப் பாருங்கள். இரண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒரே பக்கம் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. எந்தெந்தப் பக்கம் போனது என்று பம்பின் பக்கத்திலேயே ஒரு தகட்டில் எழுதி மாட்டிவிட்டு, ஐந்து இடத்து அளவுகளோடு அதையும் இங்கே எழுதுங்கள். அடுத்து எதைத் தொடலாம் என்று அப்போது இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.